யாருடைய நகம்?

ஆய்வகத்துக்கு வரும் படிவத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: 'கால் நகம், பூஞ்சை பார்க்கவும்.' நோயாளிக்குச் சர்க்கரை உண்டா, என்ன தொழில், ஏற்கெனவே களிம்பு தடவினாரா, எதுவும் இருக்காது. கூடவே காகிதத்தில் மடித்த நகத்துண்டு, நெயில் கட்டரால் நுனியில் வெட்டியது. நுனியில் இருப்பது பெரும்பாலும் செத்த பூஞ்சையும் வெளியிலிருந்து ஒட்டிய தூசியும்தான். உயிரோடு இருக்கும் பூஞ்சை உள்ளே, கெட்ட நகமும் நல்ல நகமும் சேரும் எல்லையில் இருக்கும். அதனால் முடிந்தபோதெல்லாம் வார்டுக்குப் போய் நானே சுரண்டுகிறேன். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, நுனியை வெட்டி எறிந்துவிட்டு, நகத்தடியில் மாவாக உதிர்வதைப் பிளேடால் கறுப்புத் தாளில் வழித்தெடுப்பேன். நோயாளியிடம் பேச்சுக் கொடுக்கவும் நேரம் கிடைக்கும். படிவத்தில் இல்லாதது அப்போது வந்துவிடும்.

தோல் செதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சில நிமிடங்களில் இளகிவிடும். நகம் அப்படியில்லை. 20 முதல் 40 சதவீதக் கரைசலில் மணிக்கணக்காக ஊற வேண்டும். தடித்த நகமென்றால் இரவு முழுக்க. அவசரப்பட்டுப் பார்த்தால் நகத்தின் கோடுகளே பூஞ்சை இழைபோலக் காட்டும். ஓபியிலிருந்து 'ரிப்போர்ட் ரெடியா?' என்று போன் வந்தபடி இருக்கும். வரட்டும்.

கால் நகத்தில் அடிக்கடி சிக்குவது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். வளர்ப்பு ஊடகக் குழாயில் போட்டால் மேலே வெண்பஞ்சாகவும் அடியில் கருஞ்சிவப்பாகவும் வளரும். கை நகத்தில், அதுவும் நாள்முழுக்கத் தண்ணீரில் கைவைத்திருப்பவர்களுக்கு, நகச்சுத்தியோடு சேர்ந்து கேண்டிடா வரும். இவை இரண்டும் பழகிய முகங்கள். தலைவலி மூன்றாவது கூட்டத்தால்தான்: நியோசைட்டாலிடியம், ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ். சைக்ளோஹெக்சிமைடு கலந்த ஊடகத்தில் மட்டும் போட்டால் நியோசைட்டாலிடியம் தலைகாட்டாது. அந்த மருந்து கலக்காத இன்னொரு குழாயிலும் போட வேண்டும். அங்கே சில நாளில் கரும்புகைபோலக் குழாயை அடைத்துவிடும். ஆனால் ஆஸ்பெர்ஜில்லஸ் காற்றிலும் மிதக்கிறது. குழாயில் முளைத்ததாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்று எழுத முடியாது. ஸ்லைடில் இழை தெரிய வேண்டும், வேறொரு நாள் எடுத்த மாதிரியிலும் அதே பூஞ்சை வர வேண்டும்.

"போன வாரம்தானே தம்பி சுரண்டுனீங்க?" என்பார் பெரியவர்.

"இன்னொரு தடவை காட்டுங்கய்யா. தப்பான மாத்திரைய மாசக்கணக்குல சாப்பிடக் கூடாதுல்ல."

கால் நகத்துக்கு டெர்பினஃபின் 12 வாரம். ரூப்ரத்துக்கு நன்றாக வேலை செய்யும், கேண்டிடாவுக்கு அந்த அளவுக்கு இல்லை, நியோசைட்டாலிடியம் பெரும்பாலும் அசைந்தே கொடுக்காது. கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளர்கிறது. மருந்து கேட்டதா என்று கண்ணுக்குத் தெரியவே பல மாதம் ஆகும். சொத்தை நகங்களில் ஏறக்குறைய பாதிக்குப் பூஞ்சை காரணமே இல்லை. சொரியாசிஸ், செருப்பு இடித்த பழைய அடி என்று வேறு கதைகள் இருக்கும். 'பூஞ்சை இல்லை' என்ற ரிப்போர்ட்டை யாரும் விரும்புவதில்லை என்றாலும், கவனமாக எடுத்த மாதிரியென்றால் அதற்கும் மதிப்புண்டு.

சர்க்கரை நோயாளியின் தடித்த நகம் அடியிலுள்ள சதையை அழுத்தும்; உணர்ச்சி குறைந்த காலில் அது புண்ணாகி, கிருமிக்கு வழிவிடும். இதைவிட எனக்குப் பயம் ரத்தப் புற்றுநோய் வார்டு. கீமோவில் வெள்ளணு சரிந்திருக்கும்போது நகத்திலுள்ள ஃபியூசேரியம் சுற்றுச் சதைக்குள் இறங்கி, ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவலாம். அந்த வார்டு நகத்தில் இழை தெரிந்து, குழாயில் அரிவாள் வடிவ வித்துகளும் தென்பட்டால் மறுமாதிரி விதியெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். ரிப்போர்ட் டைப் ஆவதற்கு முன்பே டாக்டருக்குப் போன் செய்து, விரலைச் சுற்றிச் சிவப்போ வீக்கமோ இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, ரத்த கல்ச்சர் அனுப்பியாயிற்றா என்று கேட்கிறேன்.