மூச்சை அளக்கும் கம்பி

பாலக்காட்டிலிருந்து மூணாறு போகிறவர்களில் பலர் முதலில் கேரளாவை விட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னார் சோதனைச்சாவடி, அப்புறம் மறுபடி கேரளா. சின்னாரைத் தாண்டி மறையூர் ஏற்றத்தில்தான் அந்த டீசல் டாக்சி திணற ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உறுமல் வந்தது, வேகம் வரவில்லை. உள்ளே ஐந்து பயணிகள், மூணாறில் அவர்களுக்காகக் காத்திருக்கும் அறைகள்.

ஓட்டுநர் பாலக்காட்டுக்காரர். வண்டிக்கு இன்னும் தவணை பாக்கி. டீசல் ஃபில்டரை மாற்றிப் பார்த்தாயிற்று. 'டர்போ போய்விட்டது' என்று ஊரில் ஒருவர் சொன்ன தொகையைக் கேட்டு, வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்.

மறையூரில் பட்டறை வைத்திருக்கும் உடுமலைக்காரர் பானெட்டைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பொள்ளாச்சி ரோட்டுலயும் இப்படித்தானுங்களா?"

"ஆமாண்ணா. அங்கேயே இழுக்கலை."

கேள்வியில் விஷயம் இருக்கிறது. ஏர் ஃபில்டருக்கு அடுத்து, காற்று போகும் குழாயில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அதற்குள் மின்சாரத்தால் சூடேற்றப்பட்ட மெல்லிய கம்பி; சில வண்டிகளில் தகடு. ஓடும் காற்று அதைக் குளிர வைக்கும். சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்து, எத்தனை கிராம் காற்று உள்ளே போகிறது என்று எஞ்சினின் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. காற்று குறைவு என்று தெரிந்தால் கரும்புகை வராதிருக்க டீசலையும் குறைத்துவிடும். வண்டி சோம்பிப்போகும்.

சிக்கல் என்னவென்றால், மலையில் காற்று நிஜமாகவே குறைவு. சுமார் 1,000 மீட்டர் உயரத்திலுள்ள மறையூரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். 1,500 மீட்டரில் மூணாறில் சுமார் 16 சதவீதம். ஆகவே ஸ்கேனரில் தெரியும் குறைந்த எண், சென்சார் சொல்லும் பொய்யாகவும் இருக்கலாம், மலை சொல்லும் உண்மையாகவும் இருக்கலாம். அது புரியாமல் பல ஆயிரம் ரூபாய்க்குப் புது சென்சார் மாட்டிவிட்டு, பழையபடியே திணறும் வண்டியோடு இறங்கிப்போகிறவர்களும் உண்டு.

ஸ்கேனரை மாட்டி ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கச் சொன்னார். இருக்கவேண்டிய அளவில் பாதிகூட வரவில்லை. மலை பத்தில் ஒரு பங்கைத் தின்னும், பாதியைத் தின்னாது. அடுத்து சென்சாரின் ஒயர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். சென்சார் பேசாவிட்டால் கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த உத்தேசக் கணக்கில் ஓட்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்தது, ஆனால் வண்டி இழுத்தது! சென்சாருக்குப் பின்னாலுள்ள ரப்பர் குழாயையும் விரலால் தடவிப் பார்த்தார். அங்கே விரிசல் இருந்தால் அளக்காத காற்று நுழையும், பழி மட்டும் சென்சார் மேல் விழும். விரிசல் இல்லை.

கழற்றிய சென்சாருக்குள் பழுப்பு நிறத்தில் எண்ணெயும் புழுதியும் அப்பியிருந்தன. காரணம் பக்கத்திலேயே இருந்தது. அடிக்கடி மாற்றும் செலவு மிச்சம் என்று ஓட்டுநர் போட்டிருந்த, கழுவி எண்ணெய் தடவும் ரக ஃபில்டர். எண்ணெய் கொஞ்சம் தாராளமாகிவிட்டால் கம்பிமேல் போய்ப் படியும். அதில் புழுதி ஒட்டும். போர்த்திய கம்பி குளிர்வதில்லை, காற்று வருவதும் அதற்குத் தெரிவதில்லை.

பிரஷ் கூடாது, துணி கூடாது, கம்ப்ரஸர் காற்றும் கூடாது. முடியிழை போன்ற கம்பி அறுந்துவிடும். இதற்கென்றே சில நூறு ரூபாயில் ஒரு ஸ்ப்ரே கிடைக்கிறது. அடித்து, நன்றாகக் காயவிட்டு, மாட்டி, ஸ்கேனரில் பழைய கோளாறுக் குறியீட்டை அழித்தார். மறுபடி மிதித்தபோது எண் துள்ளி ஏறியது. டர்போவுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

புதுக் காகித ஃபில்டருக்குக் காசு கொடுத்த ஓட்டுநருக்குப் பழையதை எறிய மனம் வரவில்லை. "துடைச்சு மறுபடி போட்டுக்கலாமாண்ணா?"

"போட்டுக்கங்க. ஸ்ப்ரேயும் ரெண்டு டப்பா வாங்கி வெச்சுக்கங்க" என்றார் உடுமலைக்காரர்.