தேய்ந்த பலகைகள்

என் தந்தையார் பொன்மலை இரயில்வே பணிமனையில் பெட்டித் தச்சராய் இருந்தவர். மரத்தைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்லமாட்டார்; சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல தேக்கு கணீரென்று ஒலிக்கும். உள்ளே இற்றுப்போன மரம் மந்தமாய் முனகும். மேற்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் அந்த ஒலியை மறைக்க இயலாது.

பழைய மரப்பெட்டிக்கு முதற்பகை நீர்தான். கூரைப் பலகைகளின்மேல் கித்தான் விரித்து வண்ணம் பூசியிருப்பார்கள். கித்தான் கிழிந்தால் மழைநீர் சுவரின் உட்புறமாகவே இறங்கி அடிச்சட்டத்தில் தேங்கும். ஆகவே மேலே பிறந்த கேடு கீழேதான் முதலில் தெரியவரும். பெட்டியை மீட்டெடுப்போர் முழுச் சட்டத்தையும் கழற்றி எறிவதில்லை. இற்ற பகுதியை மட்டும் சாய்வாக அறுத்தெடுத்து, அதே இனப் புதுமரத்தை ஒட்டுப் போடுவார்கள். எந்தத் துண்டு புதியது, எந்த ஆண்டு சேர்ந்தது என்பதையும் எழுதிவைப்பது நல்ல வழக்கம். வண்ணத்தையும் ஒரேயடியாகச் சுரண்டலாகாது. ஓரிடத்தில் சிறு வட்டமாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் பழைய வண்ணங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய் வெளிப்படும்.

இத்தனை பரிவும் பெரும்பாலும் யாருடைய பெட்டிகளுக்குக் கிடைத்தது? 1977இல் திறக்கப்பட்ட தில்லி இரயில் அருங்காட்சியகத்தில், வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக 1875இல் செய்த பெட்டி இருக்கிறது; மைசூர் மகாராஜாவின் 1899ஆம் ஆண்டுப் பெட்டியும் இருக்கிறது. தேக்கும் தந்தமும் பொன்வேலையும் கொண்ட அழகிய பெட்டி, காக்கத் தகுந்ததே. ஆனால் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள்? 1974இல் அவ்வகுப்பு ஒழிந்தது. அதன் மரப்பெட்டிகளுள் சில ஊழியர் தங்கும் முகாம் பெட்டிகளாயின. எத்தனையோ உடைக்கப்பட்டு விறகாயின. 2010இல் வேளாங்கண்ணிக்கே இரயில் வரும்வரை, நம் திருப்பயணிகள் நாகப்பட்டினத்தில் இறங்கித்தான் அன்னையின் திருத்தலத்திற்குச் சென்றார்கள். சோற்று மூட்டையும் கைக்குழந்தையுமாய் அவர்கள் நெருக்கியடித்து அமர்ந்து வந்தது அந்த மரப்பலகைகளில்தான். அரசர் ஒருமுறை அமர்ந்த நாற்காலிக்குக் காவல் உண்டு. ஆயிரமாயிரம்பேர் அமர்ந்த பலகைக்கு இல்லை. இது எனக்கு நெடுநாளாய் உள்ள மனக்குறை.

எளியவர் பெட்டியைக் காப்பது இயலாத செயலன்று. பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்றொரு குறுகிய இருப்புப்பாதை உண்டு. பலகைக்கல் சுரங்கத்திற்காக 1865இல் தோன்றியது. அது நின்றுபோகும் நிலையில் இருந்தபோது, தன்னார்வலர்கள் 1951இல் அதை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். அதன் தொடக்கக் காலத்துச் சிறு மரப்பெட்டிகள் இன்றும் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. ஓடும் பெட்டியில் மரம் தேயும், மாற்ற நேரும் என்பது உண்மையே. ஆயினும், கண்ணாடிக்குப் பின்னே பூட்டிவைப்பதைவிட இதுவே மேல் என்பார் தந்தையார். ஓடாத பெட்டியில் கூரை ஒழுகுவதைக் கவனிக்க ஆளிருக்காது என்பது அவருடைய காரணம்.

எங்கேனும் ஒரு பணிமனையின் ஓரத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்று மிஞ்சியிருந்து, அதைச் செப்பனிட யாரேனும் முன்வந்தால், கூரையை மாற்றட்டும். துருப்பிடித்த திருகாணிகளை எடுக்கட்டும். அடிச்சட்டத்திற்கு ஒட்டுப் போடட்டும். இருக்கைப் பலகைகளின்மேல் மட்டும் இழைப்புளியை வைக்க வேண்டாம். அவற்றின் விளிம்பில் உள்ள அந்த மழமழப்பான பள்ளம் எந்தத் தச்சரும் செதுக்கியதன்று.