கரை வேட்டியும் வெள்ளை வேட்டியும்

அப்பா நாற்பது வருடக் கட்சிக்காரர். கரை வேட்டி கட்டாமல் டீக்கடைக்குக்கூடப் போகமாட்டார். 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம் தொடங்கியபோது, பீரோவிலிருந்து வெறும் வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். "ஊர்க் காரியத்துக்குக் கட்சிக் கரை எதுக்கும்மா?" என்றார்.

அதே வாரம்தான் டி.வி. முழுக்கக் கூவத்தூர். பிப்ரவரி 18-ல் சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. எம்.எல்.ஏ.க்கள் முதலில் தொகுதிக்குப் போய் மக்கள் கருத்தைக் கேட்கட்டும் என்றது ஓ.பன்னீர்செல்வம் தரப்பு, ஏற்கப்படவில்லை. எடப்பாடி பழனிசாமி அரசை 122 பேர் ஆதரித்தார்கள், 11 பேர் எதிர்த்தார்கள்.

"இவங்களும் உங்களை மாதிரி வேட்டியை மாத்திக்கிட்டா என்னப்பா?" என்றேன்.

"பறிபோக எனக்குப் பதவி இல்லையேம்மா!" என்று சிரித்தார்.

உண்மைதான். 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகலாம். விலை போவதைத் தடுக்க அந்தச் சட்டம் தேவைதான். ஆனால், தொகுதிக் குறையைச் சபையில் கேள்வியாகக் கேட்க அது தடை போடவில்லையே!

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில், நெடுவாசல் இருக்கும் திருவரங்குளம் ஒன்றியமும் சேர்ந்தது. பந்தலில் உட்கார்ந்தவர்களின் குரல் சபைவரை போகத்தான் செய்தது.

இப்போது ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், "சபையில எங்க ஊரைப் பத்தி என்ன பேசுவீங்க?" என்கிறார் அப்பா. சொந்தக் கட்சி வேட்பாளரிடமே அப்படிக் கேட்ட பிறகு, உள்ளூர் நிர்வாகிகள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அப்பாவுக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் கேள்வியை மட்டும் விடவில்லை.