முள் 15-ல நிக்குது

கொஞ்சம் நீளமான இழை இது. மருத்துவம் பாதி, மெக்கானிக் வேலை பாதி. பொறுமையா படிங்க.

சில வருடங்களுக்கு முன்பு, பென்னாகரம் பக்கம் ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், அரிவாள் பட்ட காலுக்குத் தையல் என்று எல்லாம் நடக்கும் இடம்.

ஒரே மாதத்தில் மூன்று பெண்கள், ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்துத் திரும்பி வந்தார்கள்.

மூன்றாவதாக வந்தவர் புளி கொட்டை எடுக்கும் வேலைக்குப் போகிறவர். ஏழாம் நாள் கட்டைப் பிரித்தேன். விரல் இடுக்கில் புளி ஒட்டியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு வாரம் வீட்ல இருக்க முடியாதா? காயத்தைச் சுத்தமா வெச்சுக்கத் தெரியாதா?"

அவர் ஒன்றும் பேசவில்லை. கூட வந்த மாமியார்தான், "நானும் சொன்னேன் சார், கேக்கறாளா" என்று எனக்கு ஒத்து ஊதினார். சீழைச் சுத்தம் செய்து, ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பினேன். மனசுக்குள்ள கேஸ் முடிஞ்சது. காரணம்: நோயாளியின் அலட்சியம்.

ஆனால் அதே மாதத்தில் எங்கள் மருத்துவமனைப் பணியாளர் அக்கா என்னிடம் இரண்டு தடவை ஒரு விஷயம் சொல்லியிருந்தார்.

"ஆட்டோகிளேவ்ல ஆவி முந்தி மாதிரி சீறிக்கிட்டு வரல சார். முனகுது. துணிக்கட்டும் ஈரமா வருது."

நான் போய்ப் பார்த்தேன். பிரஷர் காட்டும் முள் 15-ல் நின்றது. கட்டின் மேல் ஒட்டும் டேப்பிலும் கோடு கறுத்திருந்தது. "முள் 15-ல நிக்குதுல்லக்கா, அப்புறம் என்ன?" என்றேன். ஒரு சர்வீஸ்காரரும் வந்தார். மூடியின் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றினார், கையெழுத்து வாங்கினார், போனார். ஈரம் மட்டும் போகவில்லை.

ஆட்டோகிளேவ்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: உங்க வீட்டு பிரஷர் குக்கரோட பெரியண்ணன். 1679-ல் டெனி பாப்பின் என்பவர் எலும்பையும் குழைய வைக்கும் ஒரு மூடிய பாத்திரம் செய்தார். இரண்டுக்கும் அதுதான் பாட்டன். 1879-ல் லூயி பாஸ்டரின் ஆய்வகத்தில் இருந்த சார்ல்ஸ் சாம்பர்லாண்ட் அதைக் கிருமி நீக்கும் கருவியாக்கினார். கத்திரி, கத்தி, துணி, பஞ்சு எல்லாவற்றையும் இதில் அவித்துத்தான் ஆபரேஷனுக்கு எடுக்கிறோம்.

கிருமியைக் கொல்வது பிரஷர் இல்லை. சூடு. 15 பவுண்டு பிரஷரில் சுத்தமான நீராவி 121 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் 15 நிமிடம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கட்டுக்கட்டாகத் துணி இருந்தால் இன்னும் கூட நேரம் வேண்டும். இதையே வெறும் உலர்ந்த சூட்டில் செய்ய 160 டிகிரியில் 2 மணி நேரம் ஆகும். ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு கிராம் தண்ணீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டு போக 100 கலோரி போதும். ஆனால் ஒரு கிராம் நீராவி ஒரு பொருளின் மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது 540 கலோரியை அங்கேயே இறக்கிவிடும். இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் ஆவி பட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்ப கதைக்கு வர்றேன்.

ஜனவரி மாதம். என்னோடு எம்பிபிஎஸ் படித்த நண்பன் ஒருவன் நியூயார்க்கில் இருக்கிறான். அந்த ஊரில் 1882-லிருந்தே தெருவுக்கு அடியில் குழாய் போட்டு நீராவி விற்கிறார்கள். பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் அடித்தளத்தில் ஒரு பாய்லர், அறைக்கு அறை இரும்பு ரேடியேட்டர். போனில் ஒரே புலம்பல். "பாய்லர் ஓடுது, பில்டிங் பூரா சூடு. என் ரூம் ரேடியேட்டர் மட்டும் பாதி கொதிக்குது, பாதி ஐஸ் மாதிரி இருக்குடா."

இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். கட்டடத்தைப் பராமரிக்கும் ஆள் வந்து, ரேடியேட்டரின் ஓரத்தில் கட்டைவிரல் அளவு இருந்த ஒரு சின்ன வால்வைக் கழற்றி, புதுசு மாட்டினாராம். பத்து நிமிடத்தில் முழுசும் சூடு.

"பாய்லர்ல கோளாறே இல்லடா. உள்ள இருக்கற காத்து வெளிய போற ஓட்டை அடைச்சிருந்துச்சாம். காத்து போனாத்தானே ஆவி வரும்."

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. இரண்டாம் வருட நுண்ணுயிரியலில் நானே எழுதி மார்க் வாங்கிய விஷயம் அது. அதே 15 பவுண்டு. காற்று முழுசாக வெளியேறினால் 121 டிகிரி. பாதிக் காற்று உள்ளே தங்கினால் 112. காற்றே வெளியேறவில்லை என்றால் வெறும் 100. மூன்று கணக்கிலும் முள் நிற்கும் இடம் ஒன்றுதான். முள்ளுக்குக் காற்றும் ஒன்று, ஆவியும் ஒன்று.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஆபரேஷன்களை நிறுத்தினேன். மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் துறையில் கேட்டு இரண்டு ஆம்பூல் வாங்கி வந்தேன். உள்ளே ஊதா நிறத் திரவம், கூடவே ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோபைலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள். வெந்நீர் ஊற்றில் வளரும் ரகம். சாதாரண சூட்டுக்கெல்லாம் அசையாது. ஒன்றை ட்ரம்முக்குள் துணிக்கட்டின் நடுவில் வைத்து, வழக்கம்போல மெஷினை ஓட்டச் சொன்னேன். இன்னொன்று மெஷினைப் பார்க்காமல் வெளியே. இரண்டையும் திரும்பக் கொடுத்து, 55 டிகிரிக்கு மேல் இன்குபேட்டரில் வைத்தார்கள். வித்து உயிரோடு இருந்தால் ஊதா மஞ்சளாகும்.

வெளியே வைத்தது மஞ்சள். அது ஆகணும், அப்பத்தான் சோதனை சரி.

உள்ளே வைத்ததும் மஞ்சள்.

அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அடுத்து வாளி. ஆவி வெளியேறும் காக்கில் ஒரு ரப்பர் ட்யூபை மாட்டி, மறு முனையைத் தண்ணீர் வாளியில் விட வேண்டும். ஆவி மட்டும் வந்தால் தண்ணீரில் 'சட சட'வென்று வெடித்துக் கரைந்துவிடும், குமிழ் மேலே வராது. காற்று என்றால் கொப்பளித்துக்கொண்டு மேலே ஏறும். (மெஷினை அணைக்கும் முன் ட்யூபைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வாளித் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும்.) நல்ல மெஷினில் கொஞ்ச நேரத்தில் குமிழ் நின்றுவிடும். எங்களுடையதில் சோம்பலாக ஒவ்வொரு குமிழாக வந்துகொண்டே இருந்தது. அதைவிட மோசம், காக் திறந்திருக்கும்போதே முள் ஏறுகிறது. வழி திறந்திருந்தால் பிரஷர் எப்படி ஏறும்?

ஆறவிட்டு, காக்கைக் கழற்றினோம். உள்ளே வெள்ளையாக, சுண்ணாம்புக் கல் மாதிரி ஒரு அடைப்பு. குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை.

தருமபுரிக்காரர்களுக்கு இந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளூரைடால் பல் காவியேறிய ஒரு தலைமுறையே இங்கே இருக்கிறது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் எங்கள் மெஷினுக்குப் போனது போர்வெல் தண்ணீர். அடைத்தது ஃப்ளூரைடு இல்லை, கால்சியமும் மெக்னீசியமும். உங்கள் வீட்டு வெந்நீர் ஹீட்டரில் படிகிறதே, அதேதான்.

எலுமிச்சை உப்பைக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டோம். காலையில் குச்சியால் குத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. ட்ரம்மின் பக்கவாட்டில் ஆவி நுழைய ஓட்டைகளும், அதை மூடித் திறக்கும் பட்டையும் இருக்கும். ஒரு ட்ரம்மில் அந்தப் பட்டை துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தது. போதாக்குறைக்கு, கேம்ப் நாட்களில் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று துணியைத் திணித்து அடைப்போம். யார் அவசரப்படுத்தினது? நான்தான்.

பட்டையைச் சரிசெய்தோம். துணியைத் தளர்வாக அடுக்கினோம். போர்வெல் தண்ணீருக்குப் பதில் டிஸ்டில்டு வாட்டர். காக்கைத் திறந்து வைத்து, ஆவி கோடு மாதிரி சீறி வந்து, வாளியில் குமிழ் நின்ற பிறகுதான் மூடினோம். மறுபடி ஆம்பூல். தொடர்ந்து மூன்று தடவை ஊதா ஊதாவாகவே இருந்தது. துணி மொடமொடன்னு காய்ந்து வந்தது.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒன்று கேட்டார். "குக்கர்ல ஆவி நல்லா வர்றதுக்கு முன்னாடி யாராச்சும் வெயிட் போடுவாங்களா சார்?"

போட மாட்டார்கள். என் அம்மாவும் போட மாட்டார்.

இப்ப நீங்க கேப்பீங்க, அந்த மூன்று பேருக்கும் சீழ் வைத்தது இதனால்தானா என்று. சத்தியம் செய்ய முடியாது. காயத்தில் சீழ் வைக்கும் வழக்கமான கிருமிகள் 100 டிகிரி ஆவி நேராகப் பட்டாலே செத்துவிடும். ஆனால் காற்று அடைத்துக் கிடந்த ட்ரம்மின் நடு மடிப்பில் எத்தனை டிகிரி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஈரமாக வெளியே வரும் கட்டு வழியாக, வெளியில் இருக்கும் கிருமி உள்ளே ஊறிப் போகும். அதனால்தான் ஈரக்கட்டை உபயோகிக்கவே கூடாது என்பது விதி. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உபயோகிச்சேன். டெட்டனஸ் வித்துகள் 100 டிகிரியில் தப்பிப் பிழைக்கக்கூடியவை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். அது வரவில்லை.

மெஷின் சரியானது. ஆனால் அந்தப் பெண்ணைத் திட்டியது அப்படியே கிடந்தது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. கூச்சம்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட அவரே வந்தார். வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டேன். பயந்துகொண்டே வந்தார்.

"அன்னைக்கு உங்களைத் திட்டினேன்ல. தப்பு உங்க மேல இல்லம்மா. எங்க மெஷின்ல கோளாறு இருந்துச்சு. நான் கவனிக்கல."

ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார்.

"எங்க மாமியா இன்னும் அதையே சொல்லிக் காட்டுதுங்க சார். அதுங்கிட்ட ஒருவாட்டி சொல்றீங்களா?"

மாமியார் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். போய்ச் சொன்னேன்.