துறைமுகமும் சமஷ்டியும்

கப்பல்துறை என்னும் ஊர்ப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே உள்ளத்தில் எழுவது திருகோணமலைத் துறைமுகமே. அத்துறைமுகப் பகுதியிலே வாழும் மாணவன் ஒருவன் உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் பயில்வானாயின், ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பையும் அவன் கற்க நேரிடும். மூதவையில் மாநிலத்துக்கு இருவராக நூறு பேர், பிரதிநிதிகள் சபையில் 435 பேர், உயர் நீதிமன்றத்தில் ஒன்பது நீதியரசர் என அவன் மனனஞ் செய்வான். ஆயின், திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்ட அவனது கிழக்கு மாகாண சபையோ 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதியுடன் பதவிக்காலம் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. தொலைநாட்டுச் சபையின் உறுப்பினரை எண்ணத் தெரிந்தவனுக்குத் தன் மாகாணத்துச் சபையில் எண்ணுதற்கு எவரும் இல்லை. சமஷ்டி என்பதன் பொருளை ஆராயத் தூண்டுவது இம்முரண்பாடே.

சமஷ்டி என்னும் சொல் திருமலைக்குப் புதியதன்று. 1949 இல் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சி தனது முதலாவது தேசிய மாநாட்டை 1951 இல் இந்நகரிலேயே கூட்டியது. 1956 ஆகஸ்டில் இங்கு கூடிய மாநாடு சமஷ்டி அரசியலமைப்பை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றிற்று. இக்கோரிக்கை தமிழர்க்கு மட்டுமே உரியதெனக் கொள்வதும் பொருந்தாது. 1926 இல் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்க சமஷ்டியே இலங்கைக்கு உகந்ததென வாதிட்டார். டொனமூர் ஆணைக்குழுவின் முன் கண்டிய தேசிய சபையும் அதனையே கேட்டது.

அமெரிக்கர் இம்முறையைத் தத்துவ ஆராய்ச்சியால் மட்டும் கண்டடைந்தாரல்லர். பட்டறிவே அவர்களுக்கு ஆசானாயிற்று. சுதந்திரம் பெற்ற பதின்மூன்று மாநிலங்களும் முதலில் அமைத்த கூட்டிணைப்பு, வரி விதிக்கும் அதிகாரமின்றிக் கடனிறுக்கவும் மாட்டாது தளர்ந்தது. எனவே 1787 இல் பிலடெல்பியாவில் கூடிப் புதிய அரசியலமைப்பை வரைந்தனர். போர், நாணயம், வெளிநாட்டுறவு, மாநிலங்களுக்கிடையிலான வணிகம் முதலியன மத்திய அரசுக்கு எண்ணி வழங்கப்பட்டன. எஞ்சியவை மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியனவென 1791 இன் பத்தாவது திருத்தம் உறுதிசெய்தது.

மத்திய அரசினுள்ளும் வலுவேறாக்கம் பேணப்பட்டது. காங்கிரஸ் சட்டம் இயற்றும். சனாதிபதி அதனைத் தடுக்கலாம். இரு சபைகளிலும் மூன்றிலிரண்டு பெரும்பான்மை கிடைப்பின் அத்தடை நீங்கும். அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரத்தை 1803 இல் உயர் நீதிமன்றம் நிலைநாட்டிற்று.

இனித் துறைமுகத்தையே உதாரணமாகக் கொள்வோம். நியூயோர்க், நியூஜேர்சி ஆகிய இரு மாநிலங்களும் ஒரே குடாவின் இரு கரைகளில் அமைந்தவை. நெடுநாட் பிணக்குகளின் பின், 1921 இல் அவை தம்முள் உடன்படிக்கை செய்து, காங்கிரசின் சம்மதத்துடன் கூட்டுத் துறைமுக அதிகாரசபையொன்றை நிறுவின. கடற்படையும் சுங்கமும் மத்திய அரசின்பாற்பட்டவை. துறைமுகத்தை விருத்தி செய்து நடாத்தும் பொறுப்போ அவ்விரு மாநிலங்களினது.

திருகோணமலையின் கதை வேறு. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த இத்துறைமுகம், இன்று 1979 இல் தாபிக்கப்பட்ட இலங்கைத் துறைமுக அதிகாரசபையின் பொறுப்பிலுள்ளது. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தமும் துறைமுகங்களை மத்திக்குரிய ஒதுக்கிய நிரலிலேயே வைத்தது. இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்த் தாங்கிகள் பற்றி 2022 சனவரியில் ஒப்பந்தம் கைச்சாத்தாகியபோது, கருத்துக் கூறத்தானும் கிழக்கில் மக்கள் தெரிந்தெடுத்த மாகாண சபையொன்று இருக்கவில்லை.

அதிகாரத்தின் அளவினை மட்டும் ஒப்பிடுவோர் இவ்விடத்தே தவறுவர். வழங்கியவர் தாம் விரும்பியவாறு மீளப்பெற இயலுமா என்பதே உரைகல். அமெரிக்க சனாதிபதி மாநிலச் சட்டசபை எதனையும் கலைக்கவியலாது. அரசியலமைப்பைத் திருத்துவதற்குக் காங்கிரசின் மூன்றிலிரண்டு மட்டும் போதாது. 50 மாநிலங்களுள் 38 இன் இசைவும் வேண்டும். ஒற்றையாட்சியை வலியுறுத்தும் இலங்கை அரசியலமைப்பின் கீழோ, 2017 இல் மாகாண சபைத் தேர்தல் முறையைப் பாராளுமன்றம் மாற்றிற்று. புதிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் அதுவே நிராகரித்தது. இவ்விரண்டுக்குமிடையே தேர்தல் சிக்குண்டது. சபை ஒழிக்கப்படவில்லை, வெறுமையாக்கப்பட்டது.

எனினும் சமஷ்டி சகல நோய்க்கும் மருந்தன்று. அமெரிக்கத் தென்மாநிலங்கள் மாநில உரிமையின் பெயராலேயே அடிமை முறையைக் காக்க முயன்றன. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் மூண்டது. 1957 இல் லிட்டில் றொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் பாடசாலை புகுதற்கு மத்திய அரசின் படையே துணைநின்றது. மாநிலத்தினுள் சிறுபான்மையானோர்க்கு நீதி வழங்காத சமஷ்டி அரைச் சமஷ்டியே. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே வாழும் திருகோணமலை இப்பாடத்தை மறத்தலாகாது.

பரீட்சைத் தாளில் மூதவையின் உறுப்பினர் தொகையைச் சரியாக எழுதும் மாணவன் புள்ளி பெறுவான். தன் மாகாணத்துச் சபைக்கு வாக்களிக்கும் நாளிலேயே அவன் அப்பாடத்தைக் கற்று முடித்தவனாவான்.