கடைவீதிக்குப் போன கொல்லைப்புறம்



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் காதில் இரண்டு மேளம் ஒன்றாகக் கேட்கும். ஒன்று தீபாவளி வருகிற மேளம். மற்றொன்று கூரைமேல் கொட்டுகிற மழை மேளம். அக்டோபர், நவம்பரில் சிலாங்கூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும் என்பது பால்மரத்தை நம்பிப் பிழைத்த எவருக்கும் தெரியும். பட்டை நனைந்தால் பால் வெட்டுக் கோட்டில் நிற்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். வெட்டு நாள் குறையும். இப்போது பெரும்பாலான தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன என்றாலும், சேற்றில் குலை தூக்குகிறவர்களுக்கு மட்டும் மழை மாமன் மச்சானா? ஆக, கை இளைக்கிற மாதத்தில்தான் பெரிய செலவும் வந்து வாசலில் நிற்கிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று சட்டம் வந்திருப்பது நல்லதுதான். ஆனால் தீபாவளிப் பட்டியலை எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அந்தத் தொகை எத்தனை வரி வரைக்கும் தாங்கும் என்று.

எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பம். மகளைக் கிள்ளானில் கட்டிக் கொடுத்தார்கள். தலைத் தீபாவளிக்குச் சீர் செய்யவேண்டுமென்று தாயின் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. பட்டுப்புடவை, மருமகனுக்குக் கைக்கடிகாரம், பெரிய தட்டுகளில் பலகாரம், எல்லாம் போயின. பொங்கல் வந்தது, சங்கிலி வரவில்லை. பொங்கலுக்குத் தாய் வீடு வந்த மகள் கிளம்பும்போது என்ன கேட்டாள் தெரியுமா? "அம்மா, அந்த அடுக்குமாடியில பதினோராவது மாடி. கருவேப்பிலைக்குக்கூட லிஃப்டு புடிச்சு கீழ போகணும். ஒரு கன்னு குடுங்கம்மா" என்றாள். பால் டின்னில் வைத்துக் கொடுத்த அந்தக் கன்றுக்குத் தாய்க்கு ஒரு காசு செலவில்லை. இன்று அந்த வீட்டின் வாசலில், காற்றோட்டமுள்ள நடையில், அது இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. கைக்கடிகாரம் எங்கே இருக்கிறதென்று நான் விசாரிக்கவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, வாருங்கள், ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் போய் வருவோம். இந்தமுறை வாங்குவதற்கல்ல, பார்ப்பதற்கு.

கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கிப் பேரங்காடியைக் கடந்து வெளியே வந்தால் துன் சம்பந்தன் சாலை. பிரிக்பீல்ட்ஸ் என்றால் செங்கற்களம் என்று பொருள். 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த கோலாலம்பூரை நாசமாக்கிவிட்டன. அதற்குப் பிறகு செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டவேண்டும் என்று அரசு ஏற்பாடு செய்தது. அந்தச் செங்கல் இங்கே சூளைகளில் வெந்தது, பெயரும் நிலைத்தது. அத்தாப்பு என்பது நீப்பா ஓலையைப் பின்னியது அல்லவா? இன்று கண்ணாடிக் கோபுரமாய் மின்னுகிற இந்த நகரமே ஒரு காலத்தில் ஓலைக்கூரையின்கீழ்தான் தூங்கியது.

2010 அக்டோபர் 27-இல் இந்தப் பகுதி 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைக்கப்பட்டது. இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வந்திருந்தார். பின்னர் இந்திய அரசு மலேசியாவுக்கு ஓர் அன்பளிப்புத் தந்தது. என்ன அன்பளிப்பு? தோரணம்! சாஞ்சி ஸ்தூபத்தின் வாயிலைப்போல் அமைத்த 'தோரண வாயில்'. 2015 நவம்பர் 23-இல் பிரதமர் மோடியும் அன்றைய மலேசியப் பிரதமர் நஜிப்பும் அதைத் திறந்துவைத்தார்கள். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு மரியாதை செய்ய நினைத்தபோதும் நினைவுக்கு வந்தது, நாம் வீட்டு வாசலில் கட்டுகிற பொருள்தான். அது வாடாத தோரணம். நம்முடையது மூன்றே நாளில் வாடும். வாடட்டுமே. அடுத்த விசேஷத்துக்குப் பிள்ளைகள் மறுபடி உட்கார்ந்து பின்னுவார்கள். வாடாத தோரணத்தில் அந்த வசதி கிடையாது.

சாலையோரப் பூக்கடைகளில் கொஞ்சம் நில்லுங்கள். மல்லிகையும் சாமந்தியும் இருக்கட்டும். அவற்றின் பின்னால் பாருங்கள். கட்டுக் கட்டாக மாவிலை. வேப்பிலை. வாழை இலை. தைப்பொங்கல் சமயமென்றால் கரும்பு, வேரோடு பிடுங்கிய மஞ்சள் கொத்து, கோலசிலாங்கூர்ப் பக்கம் தமிழ்க் குயவர்கள் வனைகிற மண்பானை. விலையை நான் எழுதவில்லை. எழுதினால் அச்சாவதற்குள் பொய்யாகிவிடும். பானையையும் பூவையும் தள்ளுங்கள். மற்றவை எல்லாம் எங்கே விளைகின்றன? லயத்துக்குப் பின்னால். பட்டணத்து மக்கள் பணம் கொடுத்து வாங்குவதில் தவறில்லை. அவர்களுக்குக் கொல்லைப்புறம் இல்லை. நாமும் அங்கே வரிசையில் நின்று மாவிலை வாங்குவதைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தத் தெருவிலேயே வெள்ளைக்கோல் தட்டி நடந்து போகிறவர்கள் பலரைக் காண்பீர்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது பிரிக்பீல்ட்ஸில்தான். பிரம்பு பின்னும் தொழிலை அங்கே கற்றவர்கள் உண்டு. கண் இல்லாமலே கூடை முடையலாம் என்றால், ஓலை பின்ன 'எனக்குக் கைவராது' என்று சொல்கிற நம் பிள்ளைகளை நான் எப்படி நம்புவேன்? ஆசிரியர் பயிற்சியின்போது எங்களுக்குப் பளபளக்கும் காகிதத்தில் பூச்செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். குருத்தோலையை யாரும் எடுத்து வரவில்லை. அதை நான் கற்றது ஓர் ஆயாவிடம். அவரைப் பற்றிப் பிறகு.

இனி ரயில் ஏறுவோம். கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைக்கிற இந்தப் பாதை 1886-இல் வந்தது. முதலில் புக்கிட் கூடா வரைக்கும்தான். ஆற்றைத் தாண்டி ஊருக்குள் வந்தது 1890-இல். சன்னலோரம் இடம் கிடைத்தால் சுபாங் ஜெயாவில் தலையைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பட்டணம் எழுந்த மண் சீபீல்ட் தோட்டத்து மண். தெற்கே, நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா இருக்குமிடம் 1921-இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம். அங்கேயும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த நம் மக்கள் டிங்கிலில் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தார்கள். வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றலாம். மாமரத்தை எப்படி ஏற்றுவது? வேப்பமரத்தடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றின இடத்தை எப்படி ஏற்றுவது? தோட்டத்தில் இன்னும் இருக்கிற நீங்கள், பட்டணத்து உறவுக்கு எதைக் கொண்டுபோகலாம் என்று யோசிக்கும்போது இதையும் நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் பிஸ்கட் டின் இருக்கிறது.

கிள்ளான் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் தெங்கு கிளானா சாலை. பிரிக்பீல்ட்ஸைவிட நெருக்கம், சத்தம், முறுக்கு வாசனை எல்லாம் ஒரு பிடி அதிகம். எனக்குக் கிள்ளான்தான் பிடிக்கும். தோட்டத்துக்காரர்களை இங்கே யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் துளசி மாலை தேடி அலைவார்கள். தகர டப்பாவில் துளசி வளர்க்கிறவர்கள் புரட்டாசிக்கு முந்தைய நாள் மாலையில் நாலு கொழுந்து கிள்ளி, வாழைநாரில் தொடுத்துக் கொண்டுபோகலாம். வாசல் துளசி வாசமாகவும் இருக்கும்.

கிள்ளானோடு திரும்பிவிடாதீர்கள். பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங் தாண்டிப் பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலத் துரையின் பெயர் அது. தீவின் பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். நம்மவர்கள் வேர்வை சிந்திய மண். அதே தீவில், நமக்கெல்லாம் முன்னே இருந்து வாழ்கிறவர்கள் மா மெரி என்ற பூர்வகுடி மக்கள். மரத்துக்கும் கடலுக்கும் ஆவி உண்டு, முன்னோர் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆண்டுக்கொரு முறை 'ஹரி மோயாங்' என்று மூதாதையர் நாள் கொண்டாடுகிறார்கள். அந்த நாளுக்கு இளம் நீப்பா ஓலையைக் கீறி, மடித்து, பூவாகவும் பறவையாகவும் பின்னித் தொங்கவிடுவார்கள். ஆடுகிற பெண்களின் இடுப்பாடையும் தலைப்பட்டையும்கூட ஓலைதான். பெண்கள் தாழை ஓலையில் பாயும் பையும் பெட்டியும் முடைகிறார்கள். சுங்கை பும்புன் கிராமத்துப் பண்பாட்டு மையத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

அந்த ஓலைப் பறவையைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றும்? நம் தோரணத்தில் இருப்பதும் குருவிதானே! பெரியவர்கள் சொல்வார்கள்: கல்யாணத் தோரணத்தில் நான்கு குருவி, தலை மேல் பார்க்கும், துக்க வீட்டுத் தோரணத்தில் மூன்று குருவி, தலை கீழ் பார்க்கும். தோரணத்தைப் பார்த்தே உள்ளே அழுகையா சிரிப்பா என்று தெரிந்துகொண்டு வாசல் ஏறிய காலம் அது. பிளாஸ்டிக் தோரணத்துக்கு இந்தப் பேச்சுத் தெரியாது.

முன்னே சொன்ன ஆயாவுக்கு இந்தப் பேச்செல்லாம் தெரியும். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு வேப்பிலை அடிப்பார். மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவார். தனிக்கட்டை, தலைவிரித்து வெயில் காய்வார். அதனால் பிள்ளைகள் அவரைச் 'சூனியக்காரி' என்று சொல்லி ஓடுவோம். அவரோ எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் பழைய வேட்டியைத் துவைத்து, மடித்து, மூலையில் ஒரு மஞ்சள் கிழங்கு முடிந்து கொண்டுவந்து கொடுப்பார். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிதான் போகவேண்டும். அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் அந்த மெத்தென்ற வேட்டியில் படுத்து வளராத பிள்ளை எங்கள் லயத்தில் கிடையாது. எந்தச் செடியை எந்த மாதம் கிள்ளலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவரோடு போயிருக்கும், நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிராவிட்டால்.

கேட்டதில் கொஞ்சம் உங்களுக்கும் சொல்கிறேன்.

தோரணத்துக்குத் தென்னையின் விரியாத குருத்து ஒன்றே ஒன்று போதும். நடுக்குருத்தை வெட்டினால் மரமே போய்விடும். ஆகவே தெரிந்த கையை ஏறச் சொல்லுங்கள். செம்பனைக் குருத்தில் கை வைக்காதீர்கள். அது தோட்டத்துச் சொத்து, முள்ளும் குத்தும். பிரித்த ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுநாள்வரை மடிப்புக்கு இணங்கும். மாவிலைக்கு ஊசி நூல் வேண்டாம். காம்பை மடித்து ஈர்க்குச்சியால் குத்தினால் நிற்கும். பட்டணத்து உறவினர் வீட்டுக்குத் தீபாவளிக்கு முதல்நாள் போகிறவர்கள் இரண்டு முழத் தோரணம் கொண்டுபோய், வாசலில் நீங்களே கட்டிக் கொடுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் 'இது எப்படிச் செய்தது?' என்று கேட்பார்கள். ஒரு குருவி பின்னக் கற்றுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வேப்பிலையை நிழலில் காயவைத்து, பழைய புடவைத் துண்டில் சின்னச் சின்னப் பையாகத் தைத்து நிரப்புங்கள். அரிசி டின்னில் ஒன்று போட்டால் வண்டு அண்டாது. ஆடி மாதத்தில் இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரியவில்லை. ஈர்க்குச்சி விளக்குமாறு கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், ஆனால் சம்பந்தி வீட்டுக்கு வேண்டாம். வேறு அர்த்தம் செய்துகொள்வார்கள்!

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மஞ்சள். பொங்கல் முடிந்ததும் பானையில் கட்டிய கொத்தை எறிந்துவிடாதீர்கள். கிழங்கை நிழலில் வைத்து, சித்திரையில் முளை கண்டதும், ஒரு விரல் நீளத் துண்டாக ஒடித்து, ஆளுக்கொரு டின்னில் ஊன்றுங்கள். வெட்டு குறைந்து கை சும்மா இருக்கிற இலையுதிர் காலமும் அதை ஒட்டித்தான் வருகிறது. எட்டு ஒன்பது மாதத்தில், தை பிறக்கும்போது, இலையும் கிழங்குமாய் முற்றி நிற்கும். மகள் வீட்டுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, பிள்ளையின் வகுப்பாசிரியருக்கு ஒன்று. அவர்கள் பானையில் கட்டிவிட்டு ஒரு துண்டை மறுபடி ஊன்றினால் அடுத்த தைக்கு அவர்கள் கொடுப்பார்கள். பால் டின் சிறியது. மஞ்சளுக்குப் பெரிய மைலோ டின்னோ எண்ணெய் டின்னோ வேண்டும். அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட மறக்காதீர்கள்; தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.