மூன்றாவது அலை இழுபடும்போது

"பொறுங்க தம்பி, இன்னும் வரல்ல" என்றார் படகோட்டி. இலங்கையின் நிலாவெளிக் கரையில் முழங்கால் தண்ணீரில் படகின் விளிம்பைப் பிடித்தபடி ஐந்து பேர் நின்றோம். கடல் எனக்கு அமைதியாகத்தான் தெரிந்தது. அவர் கண் தூரத்தில் எதிலோ நிலைத்திருந்தது. சற்று நேரத்தில் பெரிய அலை மூன்று அடுத்தடுத்து வந்து சிதறின. மூன்றாவது பின்வாங்கும்போது "இப்ப!" என்று ஒரு சத்தம். தள்ளினோம், படகு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கடைசியாகத் தொற்றி ஏறியவன் நான், அதுவும் வயிற்றால்.

நான் குடியிருப்பது ஜெர்மனியின் ஆஹெனில். அங்கே தண்ணீர் என்றால் நிலத்தடி வெந்நீர் ஊற்று. நகர நடுவிலுள்ள எலிசன்புருன்னன் மண்டபத்தைத் தாண்டும்போது கூழ்முட்டை வாடை வரும், கந்தகம். பேரரசன் சார்லிமேன் நீச்சல் பிரியன். இந்த ஊற்றுகளுக்காகவே அங்கே அரண்மனை கட்டினான் என்றும், சில வேளைகளில் நூறு பேருக்கு மேல் அவனோடு குளித்தார்கள் என்றும் அவன் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் சொல்கிறார். எல்லாம் இருக்கிறது, கடல் மட்டும் இல்லை. மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு மிதக்க நான் பழகியது மூடிய நீச்சல் குளத்தில், அடியிலுள்ள ஓடுகளைப் பார்த்தபடி.

கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது புறாமலை. வரைபடத்தில் புறாத் தீவு. பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று இரண்டு பாறைத் திட்டுகள். மாடப்புறாக்கள் அங்கே கூடு கட்டுகின்றன. பிரித்தானியர் காலத்தில் அதைச் சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 26இல் சுனாமி. அதற்கு முன்னும் பின்னும் போர். கடலுக்குப் போக அனுமதிச்சீட்டு, எஞ்சினின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு. 2009க்குப் பிறகுதான் சுற்றுலாக்காரர் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். மீன் பிடித்தவர்கள் ஆள் ஏற்றப் பழகியதும் அப்போதுதான்.

இந்தத் தொழிலை வெறும் 'ஏற்றி இறக்குதல்' என்று எண்ணிக்கொண்டு வந்திருந்தேன். தீவை நெருங்கியதும் படகோட்டி வேகத்தைக் குறைத்து எஞ்சினைச் சரித்து உயர்த்தினார். நங்கூரத்தில் கையே வைக்கவில்லை. அது முருகைக்கல்லில் விழுந்தால் எத்தனையோ ஆண்டு வளர்ந்தது ஒரு நொடியில் போய்விடுமாம். மிச்சத் தூரத்தைத் துடுப்பால் ஊன்றிக் கடந்து மணலில் மூக்கை ஏற்றினார். இறங்கிய கரை முழுக்க உடைந்த முருகைக்கல் துண்டுகள். கால் வைத்தால் பீங்கான் கோப்பைச் சில்லு போலக் கலகலக்கிறது.

அடுத்தது என் மீசைப் பிரச்சினை. முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. ஆஹென் குளத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று ஊற்றிவிடுவேன். இங்கே எழுந்து நின்றால் காலடியில் முருகைக்கல். அவர் சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து சின்ன வாஸ்லீன் டப்பாவை எடுத்து, "மேல் உதட்டில நல்லாப் பூசுங்க" என்றார். பிறகு கண்ணாடியின் உட்புறத்தில் துப்பித் தேய்த்துக் கழுவச் சொன்னார். எச்சில் பட்ட கண்ணாடியில் ஆவி படியாது. "கல்லில கால் வைக்காதீங்க. அது கல்லில்ல, உசிர்."

உயிர்தான். ஊசிமுனையளவு வாய்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து கட்டிய சுண்ணாம்பு வீடு அது. உள்ளே குடியிருக்கும் பாசிதான் நிறமும் சாப்பாடும் கொடுக்கிறது. தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒன்றிரண்டு பாகை கூடிச் சில வாரம் நீடித்தால் பாசி வெளியேறிவிடும், கல் வெளுத்துவிடும். நான் மிதந்த இடத்தில் மான்கொம்பு போலக் கிளைத்த கல்லும், அதைக் கொறிக்கும் கிளிமீன்களும். காதை நீருக்குள் வைத்தால் கொறிக்கும் சத்தம் கேட்கிறது, அப்பளம் நொறுங்குவது போல.

தீவின் மறுபக்கம் சுறா. செட்டை நுனி மட்டும் மையில் தோய்த்ததுபோல் கறுத்தவை. ஒன்று என் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது என்று மூச்சிரைக்கச் சொன்னேன். "தண்ணிக்குள்ள எல்லாம் பெருசாத்தான் தெரியும். முக்கால்வாசிதான் உண்மை" என்றார். பௌதிகப் புத்தகமும் அதையேதான் சொல்கிறது: தட்டைக் கண்ணாடிக்குள் இருந்து பார்த்தால் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும்.

நாங்கள் மிதந்த நேரமெல்லாம் அவர் பாறை நிழலில் குந்தி மூச்சுக்குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து, ஐந்து, நாலு, ஐந்து. உச்சிக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பினால் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். மீனைப் பார்த்துக்கொண்டு மிதக்கிறவன் தான் நகர்வதை உணரமாட்டான். அதனால் பன்னிரண்டு மணிக்கு முன்பே எங்களைத் திரட்டினார். ஒருவர் இன்னும் பத்து நிமிடம் கேட்டார். கிடைக்கவில்லை.

எஞ்சினைப் பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். 2022 ஓகஸ்டில் அந்த மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. அந்த மாதங்களில் படகு கரையில் காய்ந்து கிடந்ததாம். கதையை நீட்டாமல் கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

மாலையில் நடக்கப் போனேன். அதே படகில் இருக்கைப் பலகைகளைக் கழற்றிவிட்டு வலை ஏற்றிக்கொண்டிருந்தார். காலையில் எங்களோடு மல்லுக்கட்டிவிட்டு இரவிலும் தொழிலா என்று கேட்டேன்.

"இரவில வேலை லேசு தம்பி. மீனுக்கு மீசையில்ல."

பிறகு அலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய் விளிம்பைப் பிடித்தேன்.